சின்னப்பிள்ளையளும் விளையாட்டும்: மொண்டிசோரி வாசல்ல திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

எனக்கு ரெண்டு பிள்ளையள், மூத்தவவுக்கு 8 வயசு, சின்னவனுக்கு 5. இருக்கிறது கொழும்பு வெள்ளவத்தையில. மொண்டிசோரி விடுற நேரம் கேட்ல நிக்கிற அம்மாமார் அப்பாமார் ஒரே கேள்வியத்தான் மாறி மாறிக் கேப்பினம், ஏனெண்டா நான் பிள்ளையளோட கிரிக்கெட் கதைச்சுக்கொண்டு வாறதப் பாத்திருக்கினம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத விட்டுட்டு எல்லாத்தையும் இங்க எழுதிட்டன். நான் கோச் இல்ல, டொக்டர் இல்ல. சின்ன வயசில அப்பா தந்த ஒரு சந்தோசத்த என்ட பிள்ளையளுக்கும் குடுக்கப் பாக்கிற ஒரு அம்மா, அவ்வளவுதான்.

எத்தின வயசில தொடங்கலாம் அக்கா? என்ட மகனுக்கு இப்பதான் ரெண்டரை.

தொடங்கிறது எண்டு ஒண்டு இல்ல. ரெண்டரை வயசுப் பிள்ளை பந்த உருட்டுறான், உதைக்கிறான், எடுத்துக்கொண்டு ஓடுறான் எண்டா அதுதான் விளையாட்டு. அந்த வயசில ரூல் சொல்லிக் குடுக்காதேங்கோ, வரிசையில நிக்கச் சொல்லாதேங்கோ. உலக சுகாதார அமைப்பு 2019 இல சொன்ன கணக்கு, 3, 4 வயசுப் பிள்ளையளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமா 180 நிமிசமாவது உடம்பு அசைய வேணும், அதில 60 நிமிசம் மூச்சு வாங்கிற அளவுக்கு ஓடியாட வேணும் எண்டு. 180 எண்டு கேட்டுப் பயப்பிட வேண்டாம், படி ஏறுறது, துள்ளுறது, கடைக்கு நடக்கிறது எல்லாம் சேத்துத்தான்.

எங்கட அப்பா எனக்கு ஒரு நாளும் கிரிக்கெட் பெட் பிடிக்கப் பழக்கேல்ல. 1996 மார்ச் 17, உலகக் கிண்ண ஃபைனல், எனக்கு அப்ப பத்து வயசு, கொட்டாஞ்சேனையில பக்கத்து வீட்டு டீவிக்கு முன்னால சனம் நிறைஞ்சு போய் இருக்கு, இலங்கைக்கு 23 ரன்னுக்கு ரெண்டு விக்கெட் போட்டுது, அப்பா என்ட கையப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர் பிறகு கடைசி வரைக்கும் விடவே இல்ல. அரவிந்த டி சில்வா 107 அடிச்சு அவுட் ஆகாம நிண்டார், அர்ஜுன ரணதுங்க கடைசி ரன்ன எடுத்தார், அப்பான்ட கை நடுங்கினது எனக்கு இப்பவும் தெரியும். எனக்குக் கிரிக்கெட் வந்தது அந்தக் கையாலதான். கீழ நான் சொல்லப்போற கனக்க விசயம் இதிலயிருந்துதான் வருது.

நாங்க ஃப்ளட்ல மூணாம் மாடி, விளையாட இடமே இல்ல, கீழ எல்லாம் கார் பார்க். என்ன செய்றது?

எங்கட நிலமையும் இதுதான். வீட்டுக்குள்ள ரெண்டு சோக்ஸ உருண்டையா சுருட்டி எடுத்தா அதுதான் பந்து, பழைய பேப்பர சுத்தி டேப் ஒட்டினா அதுதான் பெட். கண்ணாடி உடையாது, கீழ் வீட்டுக்காரர் ஏச மாட்டார். நாங்கள் கொரிடோர்ல விளையாடுறம், சுவரில நேரா பட்டா நாலு, ரூமுக்குள்ள போனா அவுட். இடம் குறைய குறைய பிள்ளையள் ரூல நல்லா யோசிச்சுப் போடுவினம்.

சனி ஞாயிறு காலமை வெளிய போங்கோ. விகாரமகாதேவி பார்க், சுதந்திர சதுக்கத்துப் பக்கம், பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிறவைக்குத் தியத உயன எல்லாம் ஓட விட நல்ல இடம். காலி முகத்திடல்ல காத்து கூட, லேசான பந்து பறந்து ரோட்டுப் பக்கம் போயிடும், அங்க பட்டம்தான் நல்லம். வெள்ளவத்தை, தெகிவளைக் கடற்கரைக்குப் போறவை ஒண்ட மறக்கக்கூடாது, ரெயில் பாதையத் தாண்டித்தான் போக வேணும். பிள்ளையின்ட கையப் பிடிச்சுக்கொண்டு, பந்த பையுக்குள்ள போட்டு மூடிக்கொண்டு தாண்டுங்கோ. கையில இருந்து உருளுற பந்துக்குப் பின்னால பிள்ளை யோசிக்காம ஓடும்.

என்ன போல், என்ன பெட் வாங்கிறது? கடைக்காரர் லெதர் போல் செட் ஒண்டு காட்டினார்.

லெதர் போல் வேண்டாம். பெரியாக்கள் விளையாடுற பந்து 156 கிராமுக்கும் 163 கிராமுக்கும் இடையில நிறை இருக்கும், சின்னாக்களுக்கெண்டு செய்யிற ஜூனியர் பந்தே 133 இல இருந்து 144 வரைக்கும், அது 5 வயசுப் பிள்ளையின்ட முகத்தில பட்டா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஸ்பொன்ஜ் போல்ல தொடங்குங்கோ, பிறகு பிளாஸ்டிக், ஆறு ஏழு வயசில சொஃப்ட்போல், அதாவது டெனிஸ் பந்து. இந்த நாட்டில பெரிய ஆக்களாகியும் சொஃப்ட்போல் கிரிக்கெட்டே விளையாடுறவை எத்தின பேர், அதில ஒரு குறையும் இல்ல.

பெட் பிள்ளையின்ட உயரத்துக்குப் பாத்து வாங்குங்கோ. காலுக்குப் பக்கத்தில நிறுத்தினா பிடியின்ட நுனி இடுப்பு மட்டத்துக்கு வர வேணும். "வளருவான் தானே" எண்டு பெருசா வாங்கிறது சப்பாத்துக்குச் சரி வரலாம், பெட்டுக்குச் சரி வராது. பாரம் கூடினா பிள்ளை கை எல்லாத்தையும் போட்டுத் தூக்கும், குறுக்காலதான் அடிக்கப் பழகும். நிறைய பேர் செலவழிச்சுட்டு வந்து கவலைப்படுறது இந்த இடத்திலதான்.

பந்து வந்தா கண்ண மூடிக்கொண்டு முகத்த திருப்புறா. பயந்த பிள்ளையோ?

இல்ல. மூண்டு நாலு வயசில பிள்ளையள் ரெண்டு கையையும் நெஞ்சையும் சேத்து அணைச்சுத்தான் பந்து பிடிப்பினம், விரலால பிடிக்கிறது பிறகுதான் வரும். மேல இருந்து வளைஞ்சு வாற பந்து எங்க விழும் எண்டு கணக்குப் போட அந்தக் கண்ணுக்கும் மூளைக்கும் இன்னும் காலம் வேணும். நாங்கள் முதல்ல நிலத்தில உருட்டி விட்டம், பிறகு ஒருக்கா குத்தி எழும்புற மாதிரி, அதுக்கும் பயந்தா பலூன். பலூன் மெதுவா வரும், பட்டா நோகாது, கண் அதுக்குப் பின்னாலயே போகும். மூத்தவ ஒரு மாசம் முழுக்க பலூன்தான் விளையாடினவ.

"பயப்பிடாத" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. பயப்பிடுற மாதிரி ஏதோ இருக்கெண்டு அதாலதான் பிள்ளைக்கு விளங்கும்.

எனக்கு கிரிக்கெட் ஒண்டும் தெரியாது, இவருக்குத்தான் தெரியும், இவர் வர ராத்திரி எட்டு மணி. நான் எப்பிடி பழக்கிறது?

உங்களுக்குத் தெரியாட்டி இன்னும் நல்லம், ரெண்டு பேரும் சேந்து பழகலாம். பிள்ளையிட்டயே கேளுங்கோ, "ஏன் அவர் கைய தூக்கினவர்?" எண்டு. தனக்குத் தெரிஞ்சத அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்கிற சந்தோசம் சின்னப்பிள்ளைக்கு வேற எதில இருக்கு.

ரூல் விளங்கப்படுத்த சின்ன வழி இருக்கு. எங்கட வீட்டில விக்கெட்ட வீடு எண்டு சொல்லுறம். பந்து எறியிறவர் வீட்டத் தட்டப் பாக்கிறார், பெட் பிடிச்சவர் வீட்டக் காவல் காக்கிறார். போல்ட் எண்டா வீட்டத் தட்டிட்டார், ரன் அவுட் எண்டா வீட்டுக்கு வர முந்தி கதவு மூடிட்டுது. எல்பிடபிள்யூ எண்டா வீட்டத் தட்ட வந்த பந்த பெட்டால மறிக்காம காலால மறிச்சிட்டார், அதால அவுட். பந்து எங்க குத்தினது, லெக் ஸ்டம்புக்கு வெளியவோ எண்டதெல்லாம் எட்டு வயசுக்குப் பிறகு பாக்கலாம். சின்னவன் இப்ப டைனிங் டேபிள்ல யார் கால நீட்டினாலும் எல்பிடபிள்யூ எண்டுறான்.

டீவில மட்ச் பாக்க விடலாமா? ஸ்க்ரீன் டைம் கூடாது எண்டுறாங்களே.

மேல சொன்ன அதே உலக சுகாதார அமைப்பு 2 இல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சா நல்லம் எண்டுது. டி20 ஒண்டு மூண்டரை மணித்தியாலம் போகும், ஒருநாள் மட்ச் எண்டா கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அதால முழுசாப் பாக்கிற கதை சின்னாக்களுக்கு இல்ல. நாங்கள் முதல் ஆறு ஓவர் பாப்பம், பிறகு டீவிய நிப்பாட்டிட்டு கொரிடோர்ல நாங்கள் அத விளையாடுவம், அவர் அடிச்ச மாதிரி இவர் அடிப்பார். மிச்சத்த ரேடியோவில போட்டு விட்டா சமைச்சுக்கொண்டே கேக்கலாம், பிள்ளை படம் கீறிக்கொண்டே கேக்கும்.

பக்கத்தில இருந்து பாருங்கோ, அதுதான் முக்கியம். பிள்ளைய டீவிக்கு முன்னால இருத்திட்டு நாங்கள் ஃபோன நோண்டிக்கொண்டு இருந்தா அது கார்ட்டூன் போட்டு விடுறதுக்கும் இதுக்கும் வித்தியாசமில்ல.

ஸ்டேடியத்துக்கு கூட்டிக்கொண்டு போகலாமோ? சனம், சத்தம் எல்லாம் நினைச்சா பயமா இருக்கு.

கூட்டிக்கொண்டு போங்கோ, ஆனா முதல் தரமே பிரேமதாச ஸ்டேடியத்தில இரவு மட்சுக்குப் போகாதேங்கோ. அது 35,000 பேர் கொள்ளுற இடம், மேளமும் ஊதுகுழலுமா பப்பரே பாண்ட் ஒரு பக்கம், ஸ்பீக்கர் ஒரு பக்கம், சின்னக் காதுக்குத் தாங்காது. எஸ்.எஸ்.சி. (சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப்) கிரவுண்ட், பொரளைப் பக்கம் பி. சரவணமுத்து மைதானம் இதுகளில சும்மா கிளப் மட்ச் நடக்கும். வெள்ளை உடுப்பு, மர நிழல், சனம் குறைவு, பந்து பெட்டில படுற அந்த டொக் சத்தம் தெளிவாக் கேக்கும். டீவில அந்தச் சத்தம் இப்பிடிக் கேக்காது. நாங்கள் முதல் தரம் போய் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது, அதில அரை மணித்தியாலம் மூத்தவ அணில் பாத்தவ. அடுத்த கிழமை அவவே கேட்டவ "அந்த அணில் மட்சுக்குப் போவமோ" எண்டு.

பெரிய மட்சுக்குப் போனா பிள்ளையின்ட கையில உள்பக்கமா உங்கட ஃபோன் நம்பர பேனையால எழுதுங்கோ, காதுக்கு மூடி ஒண்டு வாங்குங்கோ, டொய்லட் எங்க எண்டு உள்ள போன உடன பாத்து வையுங்கோ. பாதியில வெளிக்கிட மனச தயார்படுத்திக்கொண்டுதான் போக வேணும். டிக்கெட் காசுக்காக நித்திரை தூங்கிற பிள்ளைய இழுத்து வைச்சா அடுத்த முறை வராது.

எங்கட ஆக்கள் தோத்தா மகள் விக்கி விக்கி அழுறா. பாக்க விடாம விடட்டோ?

2023 செப்டம்பர் 17, ஆசியக் கிண்ண ஃபைனல், பிரேமதாசவில. மூத்தவவுக்கு ஆறு வயசு, காதுக்கு மூடி எல்லாம் போட்டு, முகத்தில கொடி கீறி, ஒரு மாசமா நாள் எண்ணிக்கொண்டு இருந்தவ. மழையால பிந்தித் தொடங்கிச்சு. பிறகு இந்தியாவின்ட சிராஜ் ஒரே ஓவரில நாலு விக்கெட் எடுத்தார், எங்கட ஆக்களுக்கு 12 ரன்னுக்கு ஆறு விக்கெட், 15.2 ஓவரில 50 ரன்னோட எல்லாம் முடிஞ்சுது. இந்தியா 6.1 ஓவரில அடிச்சுட்டுது. முழு மட்சும் 129 பந்து. பிள்ளை என்ட மடியில முகத்த வைச்சு அழுதது, எனக்கும் அழுகை வந்தது, நான் மறைக்கேல்ல.

"அழாத, விளையாட்டுத்தானே" எண்டு நான் சொல்லேல்ல, ஏனெண்டா எனக்கே அது சும்மா விளையாட்டு இல்ல. "எனக்கும் கவலைதான் அம்மா" எண்டு சொல்லி இருந்தன். அடுத்த நாள் காலமை ஒரு செய்தி சொன்னன். சிராஜ் தனக்குக் கிடைச்ச ஆட்ட நாயகன் பரிசுக் காச கிரவுண்ட்ல வேலை செய்யிற ஆக்களுக்குக் குடுத்துட்டார் எண்டு. மழை வாற நேரமெல்லாம் அந்தப் பெரிய கவர இழுத்துக்கொண்டு ஓடின அண்ணாமார அவவும் கண்டவ, கை தட்டினவ. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்ப அவர் நல்லவர்தான், ஆனா நாலு விக்கெட் எடுத்திருக்கத் தேவையில்ல" எண்டா.

அதால பாக்க விடுங்கோ. அழட்டும். அழுது முடியும் வரைக்கும் பக்கத்தில இருங்கோ.

வீட்டில விளையாடேக்க நாங்க வேணுமெண்டு தோக்கிறது சரியா?

சின்னப்பிள்ளையெண்டா சில நேரம், ஆனா எப்பவும் இல்ல. நான் தோக்கிறதுக்குப் பதிலா விளையாட்ட மாத்துவன், அவனுக்கு மூண்டு விக்கெட் எனக்கு ஒண்டு, நான் இடக்கையால பெட் பண்ணுவன். அப்ப நான் முழு மனசோட விளையாடலாம், அவனும் உண்மையாவே வெல்லலாம். வேணுமெண்டு தோத்தத பிள்ளை கண்டுபிடிச்சுட்டா பிறகு வெண்டதிலயும் நம்பிக்கை வராது.

மகள் கிரிக்கெட் விளையாட ஆசைப்படுறா, மாமி "பொம்பிளப் பிள்ளைக்கு எதுக்கு" எண்டுறா.

மாமியோட சண்டை பிடிக்காதேங்கோ, பக்கத்தில இருத்தி மட்ச் ஒண்டு போட்டுக் காட்டுங்கோ. சமரி அத்தபத்து 2024 ஏப்ரல்ல தென்னாபிரிக்காவில 195 ஓட்டம் அடிச்சு ஆட்டமிழக்காம நிண்டவ. அதே வருசம் ஜூலையில தம்புள்ளையில எங்கட பெண்கள் அணி இந்தியாவ வெண்டு ஆசியக் கிண்ணம் எடுத்தது. நெட்போல்ல தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆறடிக்கு மேல நல்ல உயரம், சின்னனில அந்த உயரத்துக்கே எத்தின கதை கேட்டிருப்பா எண்டு நான் நினைக்கிறனான், அந்த உயரத்தோடதான் இலங்கைக்கு ஆசிய சம்பியன் பட்டம் எடுத்துத் தந்தவ. எங்கட அம்மம்மாவுக்கு நான் தர்ஜினியின்ட மட்ச் காட்டினன். "எங்கட பிள்ளை" எண்டு எழும்பி நிண்டு பாத்தவ.

என்ட மகனுக்கு கிரிக்கெட்டே பிடிக்கேல்ல. அப்பாவுக்கு பெரிய கவலை.

கவலையா இருக்கும்தான், அத நான் குறைச்சுச் சொல்லேல்ல. ஆனா பிள்ளைக்கு ஓட விருப்பமோ, நீந்த விருப்பமோ, பட்டம் ஏத்த விருப்பமோ, அதுக்குப் பின்னால நீங்கள் போங்கோ. தாய் தகப்பன் தங்கட விருப்பத்த விட்டுட்டு தன்ட உலகத்துக்குள்ள வந்தவை எண்டத பிள்ளை மறக்காது. இங்க விளையாட்டெண்டா கிரிக்கெட் மட்டும் இல்லையே, தேசிய விளையாட்டே கரப்பந்து. டங்கன் வைட் 1948 ஒலிம்பிக்கில வெள்ளி எடுத்தது தடை தாண்டி ஓடி, சுசந்திகா ஜயசிங்க 2000 சிட்னி ஒலிம்பிக்கில ஓடினது 200 மீற்றர்.

நீச்சல மட்டும் நான் பிள்ளையின்ட விருப்பத்துக்கு விடமாட்டன். நாலு பக்கமும் கடல் இருக்கிற நாட்டில அது விளையாட்டுக்கு முதல் உயிருக்கு.

எப்ப கோச்சிங் கிளாசுக்கு சேக்கிறது? நாலு வயசுக்கே எடுக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டன்.

ஏழு, எட்டு வயசு வரைக்கும் அவசரமில்ல எண்டது என்ட எண்ணம். முதல் ஒரு நாள் சும்மா போய் ஓரமா நிண்டு பாருங்கோ. ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்தில எத்தின தரம் பந்து கைக்கு வருது எண்டு எண்ணுங்கோ. நான் பாத்த ஒரு இடத்தில முப்பது பிள்ளையள் வரிசையில நிண்டினம், என்ட மகளுக்கு நாலே நாலு பந்துதான் கிடைச்சது, மிச்ச நேரம் வெயில்ல நிக்கிறது. சிரிப்புச் சத்தம் கேக்குதோ எண்டதும் பாருங்கோ. பிழை விட்ட பிள்ளையோட கோச் எப்பிடிக் கதைக்கிறார் எண்டதப் பாத்தாலே நீங்களே முடிவெடுப்பீங்கள்.

வெயில், மழை, டெங்கு எண்டு கொழும்பில ஒரு மாதிரியும் விட ஏலாம கிடக்கு.

காலமை எட்டரைக்கு முன்னால, பின்னேரம் நாலரைக்குப் பிறகு. தொப்பி, தண்ணிப் போத்தல், பதினைஞ்சு இருவது நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு வாய் தண்ணி. மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் இடி மின்னல் வரும். மின்னினதுக்கும் இடிச்சதுக்கும் இடையில முப்பது எண்ண முந்தி சத்தம் கேட்டா உள்ள போங்கோ, கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் உள்ளயே இருங்கோ. மரத்துக்குக் கீழ ஒதுங்காதேங்கோ.

டெங்கு நுளம்பு பகல்ல கடிக்கிறது, விடியக்காலமையும் பொழுது படேக்கயும் கூட, அதாவது நாங்கள் விளையாடுற நேரம்தான். நீளக் கால் சட்டை, மேலுக்கு பூச ஏதாவது. காய்ச்சல் வந்தா பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், ஐபுப்ரோஃபன், அஸ்பிரின் குடுக்காம டொக்டரிட்ட போங்கோ.

இவர் மகன் விளையாடேக்க ஓரத்தில நிண்டு சத்தம் போடுறார், அவுட் ஆனா வேன்ல வீடு வரும் வரைக்கும் பேச்சு. எப்பிடிச் சொல்றது?

அவர் கெட்ட எண்ணத்தில செய்யேல்ல, அத முதல்ல அவருக்குச் சொல்லுங்கோ. பிறகு ஒரு விசயம் கேளுங்கோ, அவர் ஒஃபிஸ்ல பிழை விட்ட நாள், வீடு வரும் வரைக்கும் பெரியவர் பக்கத்தில இருந்து அதையே கதைச்சா எப்பிடி இருக்கும் எண்டு. எங்கட வீட்டு ஒழுங்கு, வீடு போற வழியில விளையாட்டப் பத்திப் பிள்ளை தொடங்கினாத்தான் கதை. இல்லாட்டி காலி முகத்திடல்ல நிப்பாட்டி இறால் வடை. பிழைய அடுத்த நாள் கொரிடோர்ல சோக்ஸ் பந்தோட சரி பண்ணலாம்.

அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் எக்ஸாம் வருது, விளையாட்ட நிப்பாட்டட்டோ?

முழுசா நிப்பாட்டாதேங்கோ. 5 வயசுக்கு மேல ஒரு நாளைக்கு சராசரியா ஒரு மணித்தியாலம் மூச்சு வாங்கிற அளவுக்கு ஓடியாட வேணும் எண்டுதான் சொல்லுறது, டியூஷன் இருக்கிற பிள்ளைக்கு அது இன்னும் தேவை. மட்ச், போட்டி எண்டு தூரம் போறத அந்த ஒரு வருசம் குறைக்கலாம். பின்னேரம் அரை மணித்தியாலமாவது விளையாட விட்டுட்டு இருத்திப் பாருங்கோ, எங்கட வீட்டில அதுக்குப் பிறகுதான் படிப்பு ஏறுது.

"அம்மா, டீம்ல எங்கட ஆக்கள் இருக்கினமோ?" எண்டு மகன் கேக்கிறான். என்ன சொல்லுவீங்க?

இத என்னட்ட மூண்டு பேர் குரல குறைச்சுக் கேட்டவை, தமிழ் ஆக்கள் இருக்கினமோ எண்டதுதான் கேள்வி. முதல்ல, டீம்ல இருக்கிற எல்லாரும் எங்கட ஆக்கள்தான் எண்டு சொல்லுங்கோ, அத நீங்கள் நம்பிச் சொன்னாத்தான் பிள்ளைக்குப் பிடிபடும். பிறகு அவன் கேட்டதுக்கும் நேராப் பதில் சொல்லுங்கோ, மழுப்பாதேங்கோ. கண்டியில பிறந்த முத்தையா முரளிதரன் 1992 இல முதல் டெஸ்ட் விளையாடினது நாங்கள் போற அதே பிரேமதாச கிரவுண்ட்ல, முடிக்கேக்க 800 விக்கெட், இண்டைக்கு வரைக்கும் டெஸ்ட்ல வேற ஒருத்தரும் அதத் தொடேல்ல. 1948 இல பிரட்மன்ட அவுஸ்திரேலிய அணி கொழும்பில இறங்கி விளையாடேக்க இலங்கை அணிக்குக் கப்டன் சதாசிவம். யாழ்ப்பாணத்து வியாஸ்காந்த் 2024 இல ஐபிஎல்ல ஹைதராபாத்துக்குப் பந்து போட்டவர். ஏன் இன்னும் கனபேர் இல்ல எண்டு அவன் கேட்டா, கனகாலம் யுத்தம் இருந்தது, வடக்கில பிள்ளையளுக்கு விளையாட வசதி கிடைக்கேல்ல எண்டு உண்மையச் சொல்லுங்கோ. ஆறு வயசுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

நான் சின்னவன பி. சரவணமுத்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். 1899 இல தொடங்கின தமிழ் யூனியன் கிளப்பின்ட கிரவுண்ட் அது, முரளி விளையாடின கிளப், 1982 இல இலங்கை தன்ட முதல் டெஸ்ட் விளையாடின இடம். பிரட்மனும் இங்க விளையாடினவர் எண்டன். அவன் புல்லுப் பக்கம் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டுட்டு, "முரளி எந்தப் பக்கத்தில இருந்து எறிஞ்சவர்?" எண்டு கேட்டான். ரெண்டு பக்கத்தாலயும் எண்டன். அப்ப ரெண்டு பக்கமும் சுத்திக் காட்டச் சொன்னான், ஓரத்தால கையப் பிடிச்சுக்கொண்டு முழுக்க சுத்தி நடந்தம்.